மீன்களின் புதுக் குடித்தனம்

வீட்டில் ஆசையாக வாங்கி வைத்த மீன் செத்துப் போனால் அதற்கு நம்மவர்கள் சொல்லும் காரணங்கள் மிகவும் சுவாரஸ்யமானவை. "யாரோ கண் வைத்துவிட்டார்கள்" என்பார் ஒருவர். "தொட்டி வைத்த மூலை சரியில்லை" என்பார் இன்னொருவர். "வீட்டுக்கு வரவிருந்த கண்டத்தை அது வாங்கிக் கொண்டு போயிற்று, எல்லாம் நன்மைக்குத்தான்" என்று ஆறுதல் கூறும் பாட்டிமார்களும் உண்டு. கடைசியில், "நமக்கு மீன் ராசியில்லை" என்ற தீர்ப்புடன் கண்ணாடித் தொட்டி மாடிப் படிக்கு அடியில் போய்ச் சேருகிறது. சில நாளைக்கெல்லாம் அதில் பழைய பத்திரிகைகளும் சின்ன வெங்காயமும் குடியேறுகின்றன.

இந்தக் காரணங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விசேஷம் இருக்கிறது. அவற்றில் எதுவும் வீட்டுக்காரர்கள் மேல் பழி போடுவதில்லை! திருஷ்டி வைத்தவர் வெளியார். மூலையோ வீடு கட்டியவர் செய்த குற்றம். கண்டம் என்பது விதியின் வேலை. மீனோ வாயில்லாப் பிராணி. வாய் இருந்தும் சாட்சி சொல்ல முடியாத பிராணி என்று சொன்னால் இன்னும் பொருத்தமாயிருக்கும். அதற்குப் பேசத் தெரிந்திருந்தால் கடையை விட்டுக் கிளம்பியது முதல் தன் கடைசி மூச்சு வரையில் நடந்ததை ஒன்று விடாமல் சொல்லியிருக்கும். அந்தச் சாட்சியத்தை மீனின் சார்பில் இந்த வாரம் நாம் எடுத்துச் சொல்லலாம் என்று உத்தேசம்.

* * *

ஒரே நாளில் ஒரே கடையில் மீன் வாங்கிய இரண்டு வீடுகளைக் கற்பனை செய்து கொள்வோம். கடை சென்னைக் கொளத்தூரில் இருக்கலாம்; பம்பாய்க் குர்லாவில் இருக்கலாம்; கல்கத்தாவில் ஞாயிறுதோறும் கூடும் காலிப் தெருச் சந்தையாகவும் இருக்கலாம். நடக்கும் கதை ஒன்றுதான்.

முதல் வீட்டார் தொட்டி, வண்ணக் கற்கள், பிளாஸ்டிக் செடி, வாயைத் திறந்து மூடும் ஒரு பொம்மை முதலை, பத்து மீன்கள் எல்லாவற்றையும் ஒரே மாலையில் வாங்கி வருகிறார்கள். குழாய்த் தண்ணீரை விளிம்பு வரை நிரப்புகிறார்கள். பையை அவிழ்த்து மீன்களை அதிலுள்ள தண்ணீருடன் அப்படியே உள்ளே கவிழ்க்கிறார்கள். பெரிய விளக்கைப் போடுகிறார்கள். அண்டை அயலார் வந்து பார்க்கிறார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஆளுக்கொரு சிட்டிகை தீனி போடுகிறார்கள். மீன்களுக்கு இது கிருகப்பிரவேச விருந்து என்று எண்ணம்.

இரண்டாம் நாள் ஒரு மீன் மூலையில் ஒதுங்கி நிற்கிறது. நான்காம் நாள் எல்லா மீன்களும் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன.

"அப்பா, மீன் ஏன் மேலே வந்து வாயைத் திறக்கிறது?" என்று குழந்தை கேட்கிறாள்.

"அதற்குப் பசி, அம்மா! இன்னும் கொஞ்சம் தீனி போடு" என்கிறார் தகப்பனார்.

குழந்தையும் போடுகிறாள். ஐந்தாம் நாள் இரண்டு மீன்கள் மிதக்கின்றன. ஒரு வாரத்துக்குள் தொட்டி காலி.

இரண்டாவது வீட்டாரின் மீன்கள் அடுத்த வருஷமும் சுகமாக நீந்திக் கொண்டிருக்கின்றன. அவர்கள் பெரிய நிபுணர்கள் அல்ல. விலை உயர்ந்த யந்திரம் ஒன்றும் வாங்கவில்லை. மீன் வாங்குவதற்கு ஒரு மாதம் முன்பே தொட்டியை வாங்கினார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு மாதத்தில் வெறுந் தொட்டியில் நடந்தது என்ன என்பதிலேதான் சகல ரகசியமும் அடங்கியிருக்கிறது.

* * *

மீன் மூச்சு விடும் தண்ணீரிலேயேதான் உண்கிறது. அதிலேயேதான் கழிவையும் விடுகிறது. அந்தக் கழிவில் முக்கியமானது அம்மோனியா. பெரும்பகுதி செவுள்களின் வழியாகவே வெளியேறுகிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அதிலிருந்து அம்மோனியாதான் உண்டாகிறது. ஆற்றிலும் ஏரியிலும் இதனால் பாதகமில்லை, தண்ணீர் ஏராளம். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டியிலோ விளிம்பு வரை நிரப்பினாலும் சுமார் 57 லிட்டர்தான் பிடிக்கும். அதில் அம்மோனியா சேரச் சேர, மீனின் செவுள்கள் வெந்து போகின்றன. குழந்தை கண்டது பசியினால் திறந்த வாயல்ல. மூச்சுத் திணறித் திறந்த வாய். அதற்கு மேலும் தீனி போட்டது, எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றின கதையாகத்தான் முடியும்.

ஆனால் இயற்கைத் தாய் இந்த விஷத்துக்கு மாற்றும் வைத்திருக்கிறாள். கண்ணுக்குத் தெரியாத சில நுண்ணுயிர்கள் அம்மோனியாவைத் தின்று நைட்ரைட் என்ற பொருளாக மாற்றுகின்றன. இதுவும் விஷந்தான். மீனின் இரத்தத்தில் புகுந்து, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழக்கும்படி செய்கிறது. இரத்தமே பழுப்பு நிறமாக மாறிவிடுகிறது. நல்ல வேளையாக, இந்த நைட்ரைட்டைத் தின்னும் வேறு நுண்ணுயிர்களும் உண்டு. அவை அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட் அளவோடு இருக்கும் வரையில் மீனுக்கு அதிகத் தீங்கில்லை. செடிகளுக்கோ அது உரம்.

இந்த நுண்ணுயிர்களின் ரகசியத்தை 1890-ஐ ஒட்டிய வருஷங்களில் ருஷ்ய விஞ்ஞானி ஸெர்கே வினோகிராட்ஸ்கி முதன் முதலாக விளக்கினார். மீன் தொட்டியில் நைட்ரைட்டைத் தின்பது 'நைட்ரோபாக்டர்' என்ற இனம் என்றுதான் வெகு காலம் வரை எல்லாரும் எண்ணியிருந்தார்கள். 1998-இல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி, நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது 'நைட்ரோஸ்பைரா' என்னும் வேறோர் இனம் என்று காட்டிற்று. 2015-இல் இன்னோர் ஆச்சரியம் வெளிப்பட்டது. நைட்ரோஸ்பைராக்களில் சில, அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரையில் முழு வேலையையும் தனியாகவே செய்து முடிக்க வல்லவை என்று தெரிந்தது!

இந்த நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் ஒட்டிக் கொண்டு வாழ்கின்றன. கடையிலிருந்து வந்த புதுத் தொட்டியில் இவை கிடையா. மெள்ள மெள்ளத்தான் பெருகும். வேண்டிய அளவு பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும்.

நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இந்த விஷயத்தை விளங்க வைக்க விஞ்ஞான சாஸ்திரம் ஒன்றும் தேவையில்லை. பாலைக் காய்ச்சி ஆற வைத்து, உறை ஊற்றாமலே மூடி வைத்துவிட்டுக் காலையில் தயிர் எங்கே என்று கேட்டால் அவர்கள் சிரிக்க மாட்டார்களா? உறை மோர் வேண்டும். அதற்குப் பிறகு நேரமும் வேண்டும். மீன் தொட்டியும் அப்படியேதான். நன்றாக நடந்து வரும் ஒரு பழைய தொட்டியிலிருந்து அழுக்கேறிய வடிகட்டிப் பஞ்சு ஒரு துண்டோ, ஒரு பிடி கல்லோ வாங்கி வந்து புதுத் தொட்டியில் போட்டால் அதுவே உறை. மீன் இல்லாத தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை தீனியைப் போட்டு அழுக விட்டால், அதிலிருந்து வரும் அம்மோனியா அந்த நுண்ணுயிர்களுக்கு உணவாகும். காற்றுப் பம்பு இரவு பகல் ஓட வேண்டும். கடைகளில் சோதனைத் திரவங்கள் கிடைக்கின்றன. சிறு குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்துச் சில சொட்டுகள் விட்டால் நிறம் மாறி அளவைக் காட்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் முதலில் ஏறிப் பிறகு இரண்டும் சூன்யத்துக்கு வந்து, நைட்ரேட் மட்டும் தெரிந்தால் தொட்டி தயார். மீன் வாங்கக் கிளம்பலாம்.

வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் பளபளவென்று கழுவுகிற வழக்கத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அது உறை மோரைக் கொட்டிவிட்டுப் பாத்திரம் தேய்ப்பதற்குச் சமானம். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் இரண்டு முறை பிழிந்து திரும்ப வைத்தால் போதுமானது.

* * *

கண்ணாடிப் பெட்டியில் நீர்வாழ் பிராணிகளை வைத்துப் பார்க்கும் வித்தை ஒன்றும் அவ்வளவு பழமையானதல்ல. பாரிஸில் தையல்காரியாக வாழ்க்கையைத் தொடங்கிய ஜான் வில்புரூ-பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி, 1832-இல் ஸிஸிலித் தீவில் கடல் பிராணிகளை ஆராய்வதற்காகக் கண்ணாடித் தொட்டிகளை அமைத்தார். 1850-இல் லண்டன் ரசாயன நிபுணர் ராபர்ட் வாரிங்டன், இரண்டு தங்க மீன்களுடன் நீர்ச்செடியையும் நத்தையையும் சேர்த்து வைத்து, ஒன்றுக்கொன்று துணையாக அவை வாழ்வதைக் காட்டினார். 1853-இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன் மண்டபம் திறக்கப்பட்டது. மறு வருஷம் பிலிப் ஹென்றி காஸ் என்பவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பினால் 'அக்வேரியம்' என்ற பெயர் உலகெங்கும் பரவிற்று. நம் சென்னைக் கடற்கரையிலும் 1909-ஆம் வருஷத்தில் ஒரு மீன் காட்சிசாலை ஏற்பட்டு, இரண்டாவது உலக யுத்த காலத்தில் மூடப்பட்டது.

இவ்வளவு காலமாகியும் ஒரு பழைய பிசகு மட்டும் நம்மை விட்டபாடில்லை. அதுதான் உருண்டைக் கண்ணாடிக் குடுவையில் தங்க மீன் வைப்பது. குடுவையின் வாய் குறுகல், தண்ணீர் கொஞ்சம், காற்றுப் படும் பரப்பு அதைவிடக் கொஞ்சம். தங்க மீனோ நன்றாக வைத்துக் கொண்டால் பத்து வருஷத்துக்கு மேல் வாழ்ந்து ஒரு ஜாண் நீளம் வளரக் கூடியது. 2005-இல் ரோமாபுரி நகரசபையார் உருண்டைக் குடுவையில் மீன் வைக்கக் கூடாது என்று சட்டமே செய்தார்கள். நமக்குச் சட்டம் வேண்டியதில்லை. கொஞ்சம் இரக்கம் இருந்தாலே போதும்.

* * *

இனி, கடையிலிருந்து வீடு வரும் பிரயாணத்தைக் கவனிப்போம்.

கடைக்காரர் பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் தண்ணீரும் மேலே பிராணவாயுவுமாக நிரப்பி, ரப்பர் வளையம் போட்டுக் கட்டித் தருகிறார். பைக்குள் மீன் மூச்சு விட விடக் கரியமிலவாயு சேருகிறது. அதனால் தண்ணீர் சற்றே புளித்த தன்மை அடைகிறது. மீனின் அம்மோனியாவும் அதே தண்ணீரில் சேருகிறது. ஆனால் புளித்த தண்ணீரில் அம்மோனியாவின் விஷம் பெரும்பாலும் அடங்கியிருக்கும். பையைத் திறந்த மாத்திரத்தில் கரியமிலவாயு வெளியேறுகிறது, புளிப்புக் குறைகிறது, அதுவரை அடங்கியிருந்த விஷம் தலை தூக்குகிறது.

ஆகையால் செய்ய வேண்டிய முறை இது. பையை வெயில் படாமல், ஆட்டாமல், துணிப் பையில் இருட்டாக வைத்துக் கொண்டு நேரே வீட்டுக்கு வர வேண்டும். வழியில் சிநேகிதர் வீட்டில் காபி சாப்பிடுவதை இன்னொரு நாளைக்கு வைத்துக் கொள்ளலாம். வந்தவுடன் தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, பையைத் திறக்காமலே தொட்டித் தண்ணீரில் 15 அல்லது 20 நிமிஷம் மிதக்க விட வேண்டும். உள்ளும் வெளியும் ஒரே சூடாகிவிடும். பிறகு பையைத் திறந்து, அதன் வாயை மடித்து நிற்க வைத்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அரை டம்ளர் தொட்டித் தண்ணீரை ஊற்ற வேண்டும். பையிலிருந்த தண்ணீர் இரண்டு பங்காகும் வரையில் இப்படிச் செய்து, பின்னர் மீனை மாத்திரம் சிறு வலையால் எடுத்துத் தொட்டியில் விட வேண்டும். பைத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டக் கூடாது. அதில் அம்மோனியாவும் இருக்கும். கடைத் தொட்டியின் வியாதிக் கிருமிகளும் இருக்கலாம்.

அரை டம்ளராக ஏன் ஊற்ற வேண்டும் என்று கேட்கலாம். நன்னீர் மீனின் உடம்பிலுள்ள உப்பு அதைச் சுற்றியுள்ள தண்ணீரில் உள்ளதைவிட அதிகம். ஆகவே வெளித் தண்ணீர் செவுள் வழியாக ஓயாமல் உடம்புக்குள் புகுந்து கொண்டேயிருக்கிறது. மீனின் சிறுநீரகம் அதை ஓயாமல் வெளியேற்றிக் கொண்டேயிருக்கிறது. கடைத் தண்ணீரின் உப்பும் நம் தண்ணீரின் உப்பும் வெகுவாக வேறுபட்டால், திடீர் மாற்றத்தில் இந்தக் கணக்குத் தடுமாறிப் போகும்.

இது ஒரு மணி, இரண்டு மணி நேரப் பிரயாணத்துக்குச் சொன்ன முறை. ரயிலில் ஒரு ராத்திரி முழுவதும் பையில் கிடந்து வந்த மீனுக்கு வேறு முறை. அதில் அம்மோனியா அதிகம் சேர்ந்திருக்கும். திறந்த பையில் தாமதிப்பது ஆபத்து. மூடிய பையைச் சூடு சமனாகும் வரை மிதக்க விட்டு, திறந்ததும் தாமதமின்றி வலையால் எடுத்துத் தொட்டியில் விட்டுவிடுவதே நல்லது.

அன்றைக்கு விளக்கு வேண்டாம், தீனியும் வேண்டாம். ஊர் விட்டு ஊர் வந்த களைப்பில் மீன் எங்கேயாவது ஒளிந்து கொள்ளத்தான் பார்க்கும். அதற்காக ஒரு செடியும் கவிழ்த்து வைத்த மண் சட்டித் துண்டும் இருப்பது நல்லது. குழந்தைகளைக் கண்ணாடியைத் தட்டாமல் பார்த்துக் கொள்ள வேண்டியது; இது மற்ற எல்லாவற்றையும் விடக் கஷ்டமான காரியம்! "புதுசாக வந்தவர்கள், தூங்கட்டும்" என்று சொன்னால் குழந்தைகள் புரிந்து கொள்வார்கள். பெரியவர்கள்தான் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எட்டிப் பார்ப்பார்கள்.

* * *

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. நகரசபைக் குழாய்த் தண்ணீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் கலக்கிறார்கள். நமக்கு அது க்ஷேமம்; மீனின் செவுளுக்கும் நாம் அருமையாக வளர்த்த நுண்ணுயிர்களுக்கும் அது யமன். அகன்ற வாளியில் ஒரு நாள் முழுவதும் திறந்து வைத்துக் காற்றோட்டம் கொடுத்தால் வெறும் குளோரின் போய்விடும். குளோரமைன் என்ற வகை கலந்திருந்தால் அவ்விதம் போகாது. அதற்கென்று கடைகளில் விற்கும் திரவத்தைச் சீட்டில் கண்ட அளவில் சேர்க்க வேண்டும். முற்காலத்தில் போட்டோப் பிடிப்பவர்கள் உபயோகித்த 'ஹைப்போ' உப்பும் குளோரினை உடனே முறிக்கும். ஆழ்கிணற்றுத் தண்ணீரில் குளோரின் இல்லை. ஆனால் உப்பும் சுண்ணாம்பும் அதிகம் இருக்கலாம், பிராணவாயு குறைவாயிருக்கலாம். அதையும் ஒரு நாள் காற்றோட்டம் கொடுத்தே சேர்ப்பது உசிதம்.

நம் ஊர் வெயிலில் வேறொரு சங்கடமும் உண்டு. தண்ணீர் சூடாக ஆக, அதில் கரையும் பிராணவாயு குறைகிறது. 20 டிகிரிச் சூட்டில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். சித்திரை வெயிலில் மின்சாரம் நின்று காற்றுப் பம்பும் ஓய்ந்து விட்டால், டம்ளரால் தொட்டித் தண்ணீரை எடுத்து உயரத்திலிருந்து ஊற்றிக் கொண்டிருப்பது நல்ல உபாயம். காபி ஆற்றத் தெரிந்த தேசத்தில் இதைக் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை.

முதல் மாதத்தில் தொட்டியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மீன் சேர்க்காமல், நாலைந்து சிறிய மீன்களுடன் தொடங்குவது புத்திசாலித்தனம். நுண்ணுயிர்கள், வருகிற விருந்தாளிகளின் எண்ணிக்கைக்குத் தக்கபடிதான் பெருகும். இரண்டு வாரம் கழித்து இன்னும் இரண்டு மூன்று சேர்க்கலாம். தீனி, இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கு மேல் கூடாது. மீன் தன் உடம்பைச் சூடாக வைத்துக் கொள்ளச் செலவு செய்வதில்லை. ஆகையால் நம்மைப் போல் அதற்கு அடிக்கடி பசி எடுப்பதில்லை. கூட்டுக் குடும்பங்களில் தீனி போடும் அதிகாரம் ஒருவருக்கு மட்டுமே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மீனுக்குத் தினம் ஐந்து விருந்து நடக்கும். வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை எடுத்துவிட்டுப் பக்குவப்படுத்திய புதுத் தண்ணீரை ஊற்ற வேண்டும். வற்றிய அளவை மட்டும் நிரப்பிக் கொண்டே போனால் உப்பு உள்ளேயே தங்கிவிடும். முழுத் தண்ணீரையும் ஒரேயடியாக மாற்றுவதும் தவறு.

பழைய மீன்கள் உள்ள வீட்டில் புது மீன் வந்தால், அதை இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். உப்புக் கல் தூவினாற் போல் உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும் ஒரு நோய் உண்டு. அந்தக் கிருமி மீனின் தோலுக்கு அடியில் பதுங்கியிருக்கும்போது மருந்து அதைத் தொடாது. அது விழுந்து, பெருகி, மறுபடி தண்ணீரில் நீந்தும் சமயத்தில்தான் மருந்துக்கு மடியும். புள்ளி மறைந்த அன்றே மருந்தை நிறுத்துகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். நமது உஷ்ண தேசத்தில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடியும். ஆகவே இரண்டு மூன்று வாரக் காவலில் நோய் இருந்தால் வெளிப்பட்டே தீரும். செட்டைகளை உடம்போடு ஒட்டி வைத்துக் கொள்வது, கல்லில் உராய்வது, நிறம் மங்குவது, தீனியை மறுப்பது ஆகிய இவையெல்லாம் மீனின் பாஷையில் புகார் மனுக்கள். முதல் காரியமாகத் தண்ணீரைச் சோதிக்க வேண்டும், மருந்து பிற்பாடு.

* * *

எந்த மீன் வாங்குவது என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்ணுக்கு அழகாயிருப்பதெல்லாம் நம் வீட்டுத் தண்ணீருக்கு ஒத்துக் கொள்ளாது. அமெஸான் நதிப் பிரதேசத்தின் நியான் டெட்ரா மென்மையான தண்ணீரில் பிறந்த ஜாதி. கப்பியும் மோலியும் கடினத் தண்ணீரில் களிப்புடன் வாழும். வாஸ்து மீன் என்று விற்கும் அரோவானா இரண்டு மூன்று அடி வளரும். அதற்குத் தொட்டி வைத்தால் கூடத்தில் மனிதர்கள் உட்கார இடமிராது.

நமது நாட்டிலேயே அழகான மீன்களுக்குக் குறைவில்லை. உலகத்து ஆராய்ச்சிச் சாலைகளிலெல்லாம் நீந்திக் கொண்டிருக்கும் வரி மீனாகிய ஸீப்ரா டேனியோ கங்கைச் சமவெளிப் பிரதேசத்தைச் சேர்ந்தது. முதல் முதலாகத் தொட்டி வைப்பவர்களுக்கு அதைவிட நல்ல மீன் கிடையாது. ஆறு பேராகச் சேர்ந்தே இருக்க விரும்பும். சிவப்புக் கோட்டுடன் 'மிஸ் கேரளா' என்று பெயர் பெற்ற மீன் மேற்குத் தொடர்ச்சி மலை நதிகளுக்கே சொந்தம். சென்னைப் பட்டாளத்தில் வைத்தியராயிருந்த பிரான்ஸிஸ் டே 1865-இல் அதை விவரித்து, அப்போது சென்னைக் கவர்னராயிருந்த ஸர் வில்லியம் டெனிஸன் பெயரை வைத்தார். பிற்காலத்தில் அந்நிய நாட்டு மோகத்தினால் அது ஆறுகளிலிருந்து அளவின்றிப் பிடித்து ஏற்றுமதியாகி, அழியும் அபாயத்திலுள்ள இனங்களின் ஜாபிதாவில் சேர்ந்துவிட்டது. வாங்குவதாயிருந்தால் பண்ணையில் பிறந்தவைதானா என்று கேட்டு வாங்குவது நம் கடமை.

அலுத்துப் போன மீனை ஏரியிலோ கிணற்றிலோ கொண்டு விடுவதைப் புண்ணிய காரியமாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது புண்ணியமல்ல. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் தென் அமெரிக்க 'ஸக்கர்' மீன் இப்படித்தான் வெளியேறி, கல்கத்தாவின் கிழக்கு ஈரநிலங்களிலும் ஆந்திர நாட்டு ஏரிகளிலும் பெருகி, ஏழைச் செம்படவர்களின் வலைகளைத் தன் முரட்டுச் செதிள்களால் கிழித்துக் கொண்டிருக்கிறது. வேண்டாத மீனை விற்ற கடைக்கே திருப்பிக் கொடுக்கலாம். அல்லது தொட்டியுள்ள வேறொரு வீட்டாருக்குக் கொடுக்கலாம்.

* * *

இவ்வளவும் ஒரு சிறு மீனுக்காகவா என்று யாராவது கேட்டால், மீனுக்காக மட்டுமல்ல என்பதே நமது பதில். முதல் வீட்டுக் குழந்தை அந்த ஒரு வாரத்தில் என்ன கற்றுக் கொண்டாள் என்று யோசித்துப் பாருங்கள். உயிர் என்பது பணம் கொடுத்தால் பையில் கட்டித் தரும் சரக்கு, செத்தால் திருஷ்டி, வேண்டுமானால் வேறொன்று வாங்கலாம் என்று கற்றுக் கொண்டாள். இரண்டாவது வீட்டுக் குழந்தையோ வெறுந் தண்ணீரைப் பார்த்துக் கொண்டு ஒரு மாதம் காத்திருந்தாள். கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள் கண்ணுக்குத் தெரிகிற ஜீவன்களைத் தாங்குகின்றன என்று அறிந்து கொண்டாள். ஒன்று நேர்ந்தால் அதற்குக் காரணம் தேடலாம், காரணம் தெரிந்தால் தடுக்கலாம் என்பதையும் தெரிந்து கொண்டாள். பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் படித்தும் இந்தப் பாடம் வராதவர்கள் எத்தனையோ பேர்.

ராசி என்று ஒன்று இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். மீன் விஷயத்தில் அது மூலையில் இல்லை, முந்தின நாளே நிரப்பி வைத்த வாளியில் இருக்கிறது. மாடிப் படிக்கு அடியில் தொட்டி இருக்கிறவர்கள் வெங்காயத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு இன்றைக்கே அதைக் கழுவி, தண்ணீர் நிரப்பி வைக்கலாம். மீன் வாங்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, அவசரமில்லை.